பாடு: பழவேற்காட்டில் நீரைப் பங்கிட்ட கதை

நெய்தல் திணையை வகுப்பில் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சங்கடம் நேர்கிறது. கழி, கானல், ஓதம், திமில், பரதவர் என்று சொற்களை அடுக்கிக்கொண்டே போகிறேன், மாணவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். இந்தச் சொற்கள் சுட்டும் வாழ்க்கை இன்று எங்கே இருக்கிறது என்று ஒருவர் எழுந்து கேட்டால், காட்டுவதற்கு ஓரிடமாவது தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில்தான் முதல்முறை பழவேற்காட்டுக்குப் போனேன். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பொன்னேரியைத் தாண்டியதும் வயல்கள் மெல்ல மெல்ல உப்புநிலமாக மாறி, சாலை நீரோரத்தில் போய் முடிகிறது.

படகுத்துறையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், மீன்பிடிக்கப் போகவில்லையா என்று கேட்டேன். "இன்னிக்கு எங்களுக்குப் பாடு இல்ல சார். பக்கத்து ஊர்க்காரங்க பாடு" என்றார். பாடு என்றால் துன்பம் என்று பொருள் கொண்டு பழகிய மூளைக்கு அந்த வாக்கியம் பிடிபடவில்லை. பக்கத்து ஊருக்கு இன்று துன்பம், இவர்களுக்கு இல்லை என்பதா? என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே விளக்கினார். ஏரியில் இன்ன இடத்தில், இன்ன நாளில், இன்னார் வலை கட்டலாம் என்ற முறை இருக்கிறதாம். அந்த முறைக்கும் பாடு என்றே பெயர். வலையில் வந்து விழும் மீனுக்கும் பாடு என்றே பெயர். ஒரே சொல் இடத்தையும் உழைப்பையும் விளைவையும் துன்பத்தையும் ஒருசேரச் சுமப்பதை அன்றுதான் முதன்முதலில் உணர்ந்தேன்.

பழவேற்காட்டைப் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி கப்பலில் வந்திறங்கியவர்களின் வரலாறு. அங்கே செல்லும் பயணிகளும் அதையே பார்த்துத் திரும்புகிறார்கள்: டச்சுக்காரர்களின் கல்லறைகள், கோட்டை இருந்த மேடு, குளிர்காலத்தில் வரும் பூநாரைகள், பிறகு மதியச் சாப்பாட்டுக்கு இறால். இவையெல்லாம் பார்க்கத்தக்கவையே. ஆனால் அந்த ஊரைக் கோட்டைக்கு முன்னும் பின்னும் ஊராக வைத்திருந்தது நீரைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு. கல்லில் பொறிக்கப்படாத அந்த ஏற்பாட்டை வைத்து ஊரின் வரலாற்றை மறுபடி வாசித்தால் என்ன என்பதே இக்கட்டுரையின் முயற்சி.

ஏரியின் இயல்பு

ஏரி என்று சொல்கிறோமே தவிர, நம் ஊர்க் கண்மாய்களோடும் ஏரிகளோடும் சேர்த்து எண்ணத்தக்கதன்று இது. கடலிலிருந்து ஒரு மணல்திட்டால் பிரிக்கப்பட்ட உப்பங்கழி. இந்தியாவின் உவர்நீர்க் காயல்களில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரியது. வடக்கு தெற்காக ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளம். அதன் பரப்பை ஒரே எண்ணில் சொல்ல முடியாது. ஓதம் வற்றும்போது சுமார் 250 சதுர கிலோமீட்டர், ஏறும்போது சுமார் 450 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இன்று ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்திலும் (2022க்கு முன் இது நெல்லூர் மாவட்டம்), தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலுமாக அது கிடக்கிறது. பெரும்பகுதி ஆந்திரத்துக்குரியது, கடலைச் சேரும் முக்கியமான வாய் தமிழ்நாட்டுப் பக்கத்தில், பழவேற்காட்டு ஊரையொட்டி இருக்கிறது. இந்த ஒரு விவரத்திலேயே பிற்காலப் பூசல்கள் பலவற்றின் வித்து இருக்கிறது.

தெற்கிலிருந்து ஆரணியாறு, வடமேற்கிலிருந்து காளங்கியாறு, வடகோடியில் சுவர்ணமுகியின் நீர். கிழக்கே ஸ்ரீஹரிகோட்டா என்ற நீண்ட மணல்தீவு. அதன் ஓரமாகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட பக்கிங்ஹாம் கால்வாய். சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான். பல இடங்களில் இடுப்பளவு நீரில் நடந்தே போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழை ஆறுகளின் வழியே வந்து ஏரியை ஏறக்குறைய நன்னீராக்கிவிடும். சித்திரை, வைகாசியில் வடபகுதி வற்றி உப்புப் பூக்கும். இவ்விரண்டு நிலைகளுக்கும் நடுவே ஏரியின் உயிரைப் பிடித்து வைத்திருப்பது முகத்துவாரம்.

இறாலின் வாழ்க்கையை அறிந்தால் முகத்துவாரத்தின் பொருள் விளங்கும். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் ஏறும் ஓதத்தோடு முகத்துவாரத்தின் வழியே கழிக்குள் வருகின்றன. ஆழமற்ற, சேறு நிறைந்த, இரை மிகுந்த நீரில் சில மாதங்கள் வளர்கின்றன. பிறகு வற்றும் ஓதத்தோடு மறுபடி கடலை நோக்கிப் போகின்றன. மடவை முதலிய மீன்கள் பலவற்றுக்கும் இந்தப் போக்குவரத்து உண்டு. ஆகவே ஏரியின் எல்லா இடங்களும் மீனவனுக்கு ஒன்றல்ல. வற்றும் நீர் குவிந்து ஓடும் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களில் ஓரிரவில் கிடைப்பது வேறெங்கும் ஒரு வாரத்தில் கிடைக்காது. நல்ல இடம் கொஞ்சம், வலைகள் நிறைய. இந்தப் பொருத்தமின்மையிலிருந்துதான் பாடு பிறக்கிறது.

மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடுவதும் உண்டு. அடைத்தால் இறால் குஞ்சு உள்ளே வராது, படகு வெளியே போகாது. மீனவர்கள் கூடி மணலை வெட்டித் திறந்துவிடுவார்கள். சில ஆண்டுகளில் மழைவெள்ளம் தானே திறந்துவிடும். முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்கக் கருங்கல் தடுப்புச் சுவர்கள் அமைக்க வேண்டும் என்பது பல்லாண்டுக் கோரிக்கை. அதற்கான பணியைத் தமிழ்நாட்டு அரசு கையிலெடுத்தது 2020களில்தான்.

கப்பலில் வந்தவர்கள்

ஊரின் பெயர்களே ஒரு வரலாறு. தமிழில் பழவேற்காடு. விசயநகர ஆட்சியின்போது ஆனந்தராயன் பட்டினம் என்ற பெயரும் வழங்கியது. தெலுங்கில் ஏரிக்குப் பிரளயகாவேரி என்றொரு பெயர் உண்டு, ச. வெம். ரமேஷ் தெலுங்கில் எழுதிய கதைத்தொகுதியின் தலைப்பில் அப்பெயர் இன்றும் வாழ்கிறது. போர்த்துக்கீசியர் பலேயகாத்தே என்றார்கள். ஆங்கிலேயர் வாயில் அது புலிக்காட் ஆனது.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு வந்த விவரங்களை எழுதிய போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா, இதை விசயநகர அரசுக்குரிய பெருந்துறை என்றும் பெகுவிலிருந்து மாணிக்கக் கற்கள் வந்திறங்கும் இடம் என்றும் குறிக்கிறார். இங்கிருந்து போனது துணி. உள்நாட்டு ஊர்களில் நெய்து, சாயமிட்டு, சித்திரம் தீட்டிய பருத்தித் துணி மலாக்காவுக்கும் அதற்கப்பாலுள்ள தீவுகளுக்கும் சென்று மிளகாகவும் கிராம்பாகவும் மாறியது. மலாய் மொழியில் ஆண்கள் உடுத்தும் கட்டமிட்ட கைலிக்கு இன்றும் 'கைன் பெலிக்கட்' என்று பெயர். பெலிக்கட் என்பது பழவேற்காடுதான். ஒரு மலாய்க் கிழவர் தம் இடுப்பில் நம் ஊர்ப் பெயரை, அது ஊர்ப் பெயர் என்று அறியாமலே உடுத்தியிருக்கக்கூடும்.

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610இல் இரண்டாம் வேங்கடபதி ராயரோடு உடன்படிக்கை செய்துகொண்டு இங்கே பண்டகசாலை அமைத்தது. 1612இல் சாந்தோம் போர்த்துக்கீசியர் வந்து அதை அழித்தார்கள். 1613இல் கோட்டை எழுந்தது. அப்போது பொறுப்பிலிருந்த வெம்மர் வான் பெர்க்கெமின் சொந்த மாகாணமான கெல்டர்லாந்தின் நினைவாக அதற்கு கெல்ட்ரியா என்று பெயர். 1690இல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும்வரை, சோழமண்டலக் கரை முழுவதிலும் இருந்த டச்சு வணிகத்தின் தலைமையிடம் இதுவே. நாணயசாலை இருந்தது. வெடிமருந்துச் சாலை இருந்தது. மலையா செட்டி, சின்னண்ணா செட்டி போன்ற பெருவணிகர்கள் கம்பெனிக்கும் உள்நாட்டு நெசவாளர்களுக்கும் நடுவே நின்று செல்வாக்கோடு வாழ்ந்தார்கள்.

சென்னை நகரம் தோன்றியதற்கும் இந்த ஏரிக்கும் தொடர்பு உண்டு. ஆங்கிலேயர் 1621இல் டச்சுக்காரரின் நிழலில் பழவேற்காட்டில் ஒண்டியிருந்து, ஒத்துப்போகாமல் வெளியேறினார்கள். 1626இல் ஏரியின் வடமுனைக்கருகே துர்கராஜபட்டினத்தில், அவர்கள் அருமகான் என்றழைத்த இடத்தில், ஒரு சாலை அமைத்தார்கள். அங்கும் வணிகம் கைகூடவில்லை. அங்கிருந்த பிரான்சிஸ் டே வேறிடம் தேடித் தெற்கே வந்து 1639இல் சென்னப்பட்டினத்து மணல்வெளிக்கு மானியம் பெற்றார். ஆக, ஏரியின் இரு முனைகளிலும் இடம் சரிப்படாதவர்கள் ஏற்படுத்திய ஊர் சென்னை. அந்தச் சென்னையிலிருந்துதான் இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கார்கள் பழவேற்காட்டுக்கு வருகின்றன.

கோட்டைக்குள் நடந்த ஒரு செயல் இலக்கிய வாசகர்களுக்கு முக்கியமானது. 1632 முதல் 1642 வரை அங்கே மதபோதகராக இருந்த ஆபிரகாம் ரோஜீரியஸ், பத்மநாபன் என்ற பிராமணரிடம் கேட்டறிந்து இந்து சமயத்தையும் பழக்கவழக்கங்களையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இறந்தபின் 1651இல் லெய்டனில் அது அச்சேறியது. அதில் பர்த்ருஹரியின் சுபாஷிதங்கள் டச்சு மொழியில் தரப்பட்டிருந்தன. சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழியொன்றில் அச்சாகியதன் முதற்படி அதுவே என்பர். இந்திய இலக்கியத்துக்கு ஐரோப்பாவில் ஒரு கதவு திறந்தது இந்தச் சேற்றுக்கரையில் நடந்த உரையாடல்களிலிருந்துதான்.

அதே கோட்டையிலிருந்து மனிதர்களும் ஏற்றுமதியானார்கள். பதினேழாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் பஞ்சமும் போரும் வந்த போதெல்லாம் டச்சுக்காரரின் அடிமை வணிகம் பெருகியது. பசியால் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்றவர்களும், கடத்தி விற்கப்பட்டவர்களும் ஆயிரக்கணக்கில் பத்தாவியாவுக்கும் பிற குடியேற்றங்களுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். கல்லறைத் தோட்டத்தின் வாயிலில் இருபுறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது. உள்ளே அதிகாரிகள், வணிகர்கள், அவர்களின் மனைவியர், குழந்தைகள் ஆகியோரின் பெயரும் குலச்சின்னமும் அழகிய எழுத்துகளில் அப்படியே இருக்கின்றன. கப்பலேற்றப்பட்டவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. நினைவுச்சின்னங்களை மட்டும் பார்த்து வரலாறு எழுதுவதில் உள்ள இடர்ப்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பிறகு நடந்தவற்றைச் சுருங்கச் சொல்லலாம். 1781இல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் கைப்பற்றினார்கள். பழவேற்காடும் கைமாறி, திரும்பி, 1795இல் மறுபடி கைமாறியது. 1806இல் ஆங்கிலேயர் கோட்டையை இடித்தார்கள். 1818இல் ஊர் டச்சுக்காரருக்குத் திரும்பக் கிடைத்தது. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி 1825இல் நிரந்தரமாகக் கைவிடப்பட்டது. கெல்ட்ரியாவின் ஆயுள் மொத்தம் 193 ஆண்டுகள். இப்போது அது முள்மரங்கள் மூடிய ஒரு மேடு. சுற்றிலும் அகழியின் தடம்.

பாடு

கோட்டை போனபின் எஞ்சியது ஏரி. ஏரியை வைத்துப் பிழைக்க ஒரு சட்டம் வேண்டும். அச்சட்டத்தை எந்த ராயரும் கம்பெனியும் இயற்றவில்லை.

பழவேற்காட்டில் பட்டினவர் எனப்படும் மீனவச் சமூகத்தினர் வாழும் குப்பங்கள் சில பாட்டுரிமை உடையவை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய மூன்றும் இதில் மூத்தவையாகச் சொல்லப்படுகின்றன. மாதாகுப்பம் என்ற பெயரிலேயே கிறித்தவம் இருக்கிறது. சமயம் வேறானாலும் பாட்டுக்குள் பங்கு உண்டு. ஊரில் மணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுதான் உரிமையின் அலகு. முகத்துவாரத்தை ஒட்டி இறால் குவியும் இடங்கள் பாடுகளாகப் பகுக்கப்பட்டிருக்கின்றன. ஊருக்கு ஊர் முறை வைத்தும், ஊருக்குள் சீட்டுக் குலுக்கியும் எந்த இடம் யாருக்கு என்று முடிவாகிறது. இன்று நல்ல இடம் விழுந்தவருக்கு அடுத்த முறை மோசமான இடம் வாய்க்கலாம். ஆண்டு முழுவதும் சுழன்று வரும்போது ஒருவரின் அதிர்ஷ்டமும் மற்றவரின் துரதிர்ஷ்டமும் ஓரளவு சமனாகிவிடும்.

வலையிலும் கட்டுப்பாடு உண்டு. பாட்டில் பயன்படுவது கழிகளை ஊன்றிக் கட்டும் வலை, சுத்துவலை என்கிறார்கள். வற்றும் நீர் தானே இறாலைக் கொண்டுவந்து சேர்க்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதத்தின் வேகம் அதிகம். அன்றைய இரவுப் பாடு விலைமதிப்புடையது. முறை தவறி வலை கட்டியவரை ஊர்ப் பஞ்சாயத்து விசாரித்துத் தண்டம் விதிக்கும். காவல்நிலையத்துக்குப் போகுமுன் ஊரிலேயே தீர்ப்பாகிவிடும்.

தமிழில் 'முறை' என்ற சொல்லுக்கு நீதி என்றும் பொருள், தவணை என்றும் பொருள். குடிமக்களுக்கு முறை செய்வதே அரசனின் கடமை என்று நம் நூல்கள் சொல்கின்றன. 'அடுத்து என் முறை' என்று வரிசையில் நிற்கும் குழந்தையும் சொல்கிறது. இவ்விரண்டு பொருளும் ஒன்றே என்று வகுப்பில் விளக்குவது கடினம். பாடு அதை விளக்கிவிடுகிறது. தன் முறைக்குக் காத்திருப்பதே அங்கு நீதி.

இது பழவேற்காட்டுக்கு மட்டும் உரியதன்று. கொச்சிக் காயலின் மீனவரிடையே பாடு உண்டு. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இறால் பிடிக்கும் இடங்களைப் பாடு என்ற அதே பெயரால் பிரித்துச் சீட்டுப் போட்டுப் பகிரும் வழக்கம் உண்டு. அங்கே அதைப் பேசுவோரில் பலர் சிங்களம் பேசுகிறவர்கள். கரையோரமாக மக்களும் சொற்களும் இடம்பெயர்ந்த கதை ஒன்று இதற்குள் இருக்கிறது. கப்பல் வரலாறு துணியையும் மிளகையும் தொடர்ந்து சென்றது போல், பாடு என்ற சொல்லைத் தொடர்ந்து யாரேனும் சென்றால் தென்னிந்திய, இலங்கைக் கடற்கரைகளின் இன்னொரு வரைபடம் கிடைக்கும்.

ஆனால் பாட்டைப் புகழ்ந்து முடித்துவிட்டால் அது நேர்மையாகாது. சமநீதி உள்ளே இருப்பவர்களுக்குத்தான். பிறப்பால் பட்டினவர் அல்லாதவர், மீன்பிடித்தே வாழ்ந்தாலும், பாட்டுக்கு வெளியே நிற்கிறார். தலித் மக்கள், இருளர், முஸ்லிம்கள் எனப் பலரும் ஏரியை நம்பியே இருக்கிறார்கள்; நல்ல இடங்கள் அவர்களுக்கில்லை. பெண்களுக்கும் தலைக்கட்டு உரிமை இல்லை. பிடித்த மீனைச் சுமந்து விற்கும் உழைப்பு மட்டும் உண்டு. ஏற்றுமதியால் இறாலின் விலை ஏற ஏற, வெளியே நின்றவர்களும் நீரில் இறங்கினார்கள். 1980களிலும் 90களிலும் ஊர்களுக்கிடையே கடும் பூசல்கள் நிகழ்ந்தன. பாட்டுரிமை உள்ளவர்கள் மரபைச் சொன்னார்கள். இல்லாதவர்கள் அரசியல் சட்டத்தைச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் பசி இருந்தது என்பதுதான் இதில் தீராத சிக்கல்.

இருளர் பெண்கள் இறால் பிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். வலை கிடையாது. இடுப்பளவு நீரில் தவழ்வதுபோல் நகர்ந்து, இரு கைகளாலும் சேற்றைத் துழாவிப் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட்டுவைக்கும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். மணிக்கணக்கில் அப்படி. இவர்களுக்குப் பாடு என்ற சொல்லின் முதற்பொருள் மட்டுமே கிடைத்தது.

சுருங்கும் நீர்

பாட்டுக்குள் இருப்பவர், வெளியே இருப்பவர் என்ற பூசல் நடந்துகொண்டிருக்கும்போதே, அவர்கள் பூசலிட்ட ஏரி இரு சாராரிடமிருந்தும் நழுவிக்கொண்டிருந்தது.

1969இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு ஸ்ரீஹரிகோட்டா தேர்ந்தெடுக்கப்பட்டது. 1971 அக்டோபரில் அங்கிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. 2002 முதல் அது சதீஷ் தவான் விண்வெளி மையம். தீவில் வாழ்ந்தவர்கள், ஏனாதிப் பழங்குடியினர் உட்பட, இடம்பெயர நேர்ந்தது. சூளூர்ப்பேட்டையிலிருந்து தீவுக்குப் போகும் சாலை ஏரியின் குறுக்கே போடப்பட்டதால் வடபகுதியில் நீரோட்டம் தடைப்பட்டது. ஏவுநாட்களில் மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது என்று அறிவிப்பு வரும். நாடு முழுவதும் தொலைக்காட்சியில் கைதட்டும் அந்நாளில், பக்கத்துக் குப்பங்களில் வலை கரையில் கிடக்கும்.

1976இல் ஆந்திரமும் 1980இல் தமிழ்நாடும் தத்தம் பகுதிகளைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தன. அதனால் ஏரிக்குக் கிடைத்த பாதுகாப்பு பெரிது. பெரிய ஆலைகள் ஏரிக்கரைவரை வந்து அமராமல் போனதில் சரணாலயத்துக்குப் பங்குண்டு. எனினும் ஏரிக்குள் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களின் ஒவ்வொரு செயலுக்கும் அனுமதி தேவை என்ற நிலையும் அதனுடன் வந்தது. 1990களில் இறால் பண்ணைகள் சுற்றிலும் பெருகின. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதற்குள் சேதம் கொஞ்சமல்ல. தெற்கே அனல்மின் நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம், பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம் என்று கரை மாறிக்கொண்டே வந்தது. காட்டுப்பள்ளியை விரிவாக்கும் திட்டத்தை, மணல் அரிப்பு முகத்துவாரத்தையே தின்றுவிடும் என்று சொல்லிப் பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்து வருகிறார்கள். கப்பல்களால் பெயர்பெற்ற ஊர் கப்பல்துறையை வேண்டாம் என்று சொல்வதில் முரண் ஏதுமில்லை. டச்சுக்காரர்களின் கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரமிட்டு நின்றன. முகத்துவாரத்தை அவை தொடவில்லை.

பார்க்க வருகிறவர்கள்

இந்தச் சூழலில்தான் சுற்றுலா ஒரு தீர்வாகப் பேசப்படுகிறது. பேசத்தக்கதுதான். கல்லறைகள் இருக்கின்றன. ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் சாண் அளவுகூட இல்லாத நுண்சிற்பங்களாக இராமாயணக் காட்சிகள் இருக்கின்றன. பழைய பள்ளிவாசல்கள் இருக்கின்றன. போர்த்துக்கீசியர் காலத் தொடக்கமுடைய மகிமை மாதா தேவாலயம் இருக்கிறது. முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் பெட்டிகளும் கூடைகளும் வாங்குவோர் கைக்கு அழகு சேர்ப்பவை. ஆந்திரப் பக்கத்தில் 2001 முதல் பூநாரைத் திருவிழா என்று ஒன்று நடத்துகிறார்கள்.

ஆனால் பார்வையாளர் வருகை இந்த ஊருக்கு எதைக் கொண்டுவந்தது என்று கேட்டால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது 2011 டிசம்பர் 25. கிறித்துமஸ் நாளில் ஏரிச் சவாரிக்கு வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிப் படகில் அளவுக்கு மீறி ஆட்கள், உயிர்காப்புச் சட்டை இல்லை. அதன்பின் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. தடை இருந்தும் சவாரி முற்றிலும் நின்றபாடில்லை. விடுமுறை நாளில் துறையில் நின்றால் தாழ்ந்த குரலில் விலை பேசுவது காதில் விழும். மீன் குறைந்த நாளில் ஐந்நூறு ரூபாய் கொடுக்கும் பயணியை மறுப்பது எளிதல்ல. கண்காணிப்பில்லாத சவாரி தான் ஆபத்தானது.

இங்கே எனக்குத் தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். அளவான வளத்தைப் பலர் எப்படிப் பகிர்வது, எத்தனை வலைகள் இறங்கலாம், யார் எப்போது ஒதுங்கி நிற்பது என்ற கேள்விகளுக்குத் தலைமுறைகளாக விடை கண்டுவந்த ஊர் இது. எத்தனை படகுகள், ஒரு படகில் எத்தனை பேர், எந்த நாளில் யார் முறை என்று சவாரியை ஒழுங்குபடுத்த இவர்களைவிடத் தகுதியானவர் யார்? தடை விதிக்கும்போதும் திட்டம் தீட்டும்போதும் பாட்டு முறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கப்படுவதில்லை. மரபு அறிவு என்று மேடையில் பேசுகிறோம். அதற்கு ஒரு வேலை கொடுக்க அஞ்சுகிறோம்.

அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. புதிதாக வரும் வருமானத்துக்குப் பழைய தலைக்கட்டுப் பட்டியலையே பயன்படுத்தினால், பழைய அநீதி புதிய துறைக்கும் பரவும். பூநாரையைக் காட்டுவதற்கு எந்தச் சாதிக்கும் முன்னுரிமை இருக்க முடியாது. சீட்டுக் குலுக்கும் பானையில் இருளர் பெண்ணின் பெயரும் விழ வேண்டும். முறை என்ற சொல்லின் இரு பொருளும் அப்போதுதான் ஒன்றாகும்.

சென்ற மாசியில் மறுபடி போயிருந்தேன். மாணவர்கள் சிலரும் உடன் வந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒரு மணி நேரம் கழித்துவிட்டுத் துறைக்கு வந்தோம். தூரத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து நீரில் அலகால் துழாவிக்கொண்டிருந்தன. எல்லாருடைய கைப்பேசியும் அந்தப் பக்கம் திரும்பியது. பறவைகளுக்கும் எங்களுக்கும் இடையில், பறியைப் பல்லில் கடித்தபடி நாலைந்து பெண்கள் அதே சேற்றைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவி கைப்பேசியைத் தாழ்த்திவிட்டு, "ஐயா, இவங்களுக்கு எந்த நாள் பாடு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.